மின்சாரப் பஞ்சாங்கம்

பஞ்சாங்கத்தை நாம் நம்புவதில்லை. ஆடியில் மழை என்று எழுதியிருப்பார். ஆடியில் வெயில் கொளுத்தும். எவரும் அவரிடம் சென்று நட்ட ஈடு கேட்பதில்லை. அவரும் கூச்சப்படுவதில்லை, அடுத்த ஆண்டு அதே மிடுக்குடன் அடுத்த பஞ்சாங்கத்தை அச்சிட்டு விற்பார். போகட்டும், அந்தப் பொய்யால் நமக்கு நட்டம் ஒரு புத்தகத்தின் விலை.

ஆனால், தோழர்களே, இன்னொரு பஞ்சாங்கம் இருக்கிறது! அதைக் கணிப்பவர் திண்ணையில் அமர்ந்து சோழி உருட்டுபவர் அல்லர். பொறியியல் படித்தவர், புள்ளிவிவரம் அறிந்தவர், கணினி முன் அமர்ந்திருப்பவர். பத்து ஆண்டு, இருபது ஆண்டு கழித்து ஒரு நாட்டுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று இன்றே கணித்துச் சொல்வது அவர் தொழில். அந்தக் கணக்குப் பிசகினால் போவது புத்தக விலை அன்று, ஆயிரக்கணக்கான கோடி! அதைக் கட்டுவது யார்? கணித்தவரா? இல்லை. கணக்கைக் காட்டிக் கடன் வாங்கியவரா? அவருமில்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மின் கட்டணத்தைக் கட்டுகிறாரே மில் தொழிலாளி, தறி ஓட்டும் தோழர், பெட்டிக் கடைக்காரர், அவர்தான்!

கணிப்பே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது அறியாமை. கடையில் அரிசி தீர்ந்தால் மறுநாள் மூட்டை வந்து இறங்கும். மின்சாரம் அப்படி வராது. ஓர் அனல் மின் நிலையம் எழும்ப ஆண்டுகள் பல ஆகும்; அணு மின் நிலையமோ பத்தாண்டையும் விழுங்கும். இன்று பிறந்த பிள்ளை பள்ளிக்கூடம் முடிக்கும் காலத்துக்கு வேண்டிய விளக்குக்கு இன்றே அடிக்கல் நாட்டியாக வேண்டும். கணிப்பு குறைந்துபோனால் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்காரருக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. 2008 முதல் 2013 வரை நாம் பட்டது மறந்துவிட்டதா? லேத் பட்டறை நின்றது, விசைத்தறி நின்றது, கூலி நின்றது. ஆட்சி மாறியும் இருட்டு மாறவில்லை. தொடங்கிய திட்டங்கள் காலத்தில் முடியாததும் அதற்குக் காரணம். ஆனால் தேவை முந்திக்கொண்டு ஓடியது, உற்பத்தி பின்தங்கி நொண்டியது என்பது உண்மை.

குறைவாகக் கணித்தால் இருட்டு; அனைவர் கண்ணுக்கும் தெரியும். அதிகமாகக் கணித்தால்? விளக்கு எரியும், விசிறி சுற்றும், எவருக்கும் எதுவும் தெரியாது. பில்லில் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத இந்த இரண்டாவது தவற்றைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

இதற்குப் பாடம் கற்க அமெரிக்காவுக்குப் போவோம். அதன் வடமேற்கு மூலையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்துக்கு. குடியரசுத் தலைவர் குடியிருக்கும் தலைநகரம் அன்று இது. கொலம்பியா ஆறு பாயும் மலை நாடு. ஆற்றை மறித்து அணைகள் கட்டினர். மலிவான மின்சாரம் பெருகிற்று. வீட்டைச் சூடேற்றவும் மின்சாரம், அலுமினியம் உருக்கவும் மின்சாரம்! நகராட்சிகளும் மாவட்ட மின் அமைப்புகளும் அதை வாங்கி மக்களுக்கு விற்றன.

உலகப் போர் முடிந்தது முதல் 1973 வரை அமெரிக்காவின் மின் நுகர்வு ஆண்டுக்கு ஏறத்தாழ 7 சதவீதம் வளர்ந்தது. ஏழுதானே என்று எண்ண வேண்டாம். கந்து வட்டிக்காரரிடம் சிக்கியவர்களுக்குக் கூட்டு வட்டியின் குணம் தெரியும். ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் பத்தாண்டில் இரட்டிப்பு. இருபதாண்டில் நான்கு மடங்கு. முப்பதாண்டில் எட்டு மடங்கு! கணிப்பாளர்கள் செய்த வேலை எளிது. சென்ற ஆண்டுகளின் புள்ளிகளை வைத்தனர், அளவுகோலை வைத்தனர், கோட்டை மேல்நோக்கி இழுத்தனர். நேற்று வளர்ந்தது போலவே நாளையும் வளரும் என்று முடித்தனர். பதினாறு வயதுப் பையன் ஆண்டுக்கு இரண்டு அங்குலம் வளர்கிறான் என்பதற்காக, அறுபது வயதில் அவன் பனை மரத்தின் உயரம் இருப்பான் என்று சட்டை தைத்து வைப்பதுபோல!

அந்தச் சட்டைதான் வாஷிங்டன் பொது மின் வழங்கல் அமைப்பு. 1957இல் மாநிலத்தின் பொதுத்துறை மின் அமைப்புகள் சேர்ந்து அமைத்தது. ஐந்து அணு மின் நிலையங்களைக் கட்ட முற்பட்டது. அணைகளின் மின்சாரத்தை விற்றுவந்த மைய அரசின் பான்வில் நிறுவனம், 1976இல், இனி வளரும் தேவை முழுவதற்கும் எங்களால் பொறுப்பேற்க இயலாது என்று அறிவித்தது. அச்சம் பரவிற்று. நாலாவது, ஐந்தாவது நிலையங்களுக்கு 88 பொது மின் அமைப்புகள் கையெழுத்திட்டன. என்ன கையெழுத்து தெரியுமா? நிலையம் ஓடினாலும் ஓடாவிட்டாலும், கட்டி முடித்தாலும் முடிக்காவிட்டாலும், எங்கள் பங்குப் பணத்தைக் கட்டுகிறோம் என்று!

ஆனால் ஓர் ஊர் கேள்வி கேட்டது. சியாட்டில் நகரம்.

அந்நகரின் மின் துறையும் நாலு, ஐந்தில் பங்கு கேட்கத்தான் துடித்தது. ஆனால் குடிமக்கள் சிலர் மறித்தனர். 1990ஆம் ஆண்டில் நமக்கு உண்மையில் எவ்வளவு தேவை என்று தனியே ஓர் ஆய்வு நடக்கட்டும் என்றனர். நடந்தது. குடிமக்கள் குழுவொன்று அதன் ஒவ்வொரு படியையும் கூர்ந்து பார்த்தது. அளவுகோலை வைத்துக் கோடிழுக்கும் வேலை அங்கே நடக்கவில்லை. எத்தனை வீடு, எத்தனை தொழில், வருமானம் எப்படி, அனைத்துக்கும் மேலாக விலை என்ன என்று கேட்டனர். விலை! இதைத்தான் மற்றவர் மறந்திருந்தனர். நிலையம் கட்டக் கடன்; கடனுக்கு வட்டி; வட்டிக்காகக் கட்டண உயர்வு; கட்டணம் உயர்ந்தால் மக்கள் விளக்கை அணைப்பார்கள், வீட்டுச் சுவரில் குளிர் தடுப்பு வைப்பார்கள், விறகடுப்பு மூட்டுவார்கள். எந்தத் தேவைக்காக நிலையம் கட்டினார்களோ, அந்தத் தேவையையே அந்த நிலையத்தின் செலவு தின்றுவிடும்! இது ஐன்ஸ்டீன் சொல்ல வேண்டிய தத்துவமா? பருப்பு விலை ஏறினால் சாம்பார் நீர்த்துப்போகும் என்று நம் வீட்டுத் தாய்மாருக்குத் தெரிந்த செய்தி.

மின் துறை சொன்னதைவிட வளர்ச்சி குறைவாகவே இருக்கும், சிக்கனத்தாலும் தேவையில் ஒரு பகுதியைச் சந்திக்கலாம் என்றது ஆய்வு. 1976இல் சியாட்டில் நகர மன்றம் வாக்கெடுத்தது: நாலும் வேண்டாம், ஐந்தும் வேண்டாம்!

மற்ற ஊர்களின் கதை? ஐந்து நிலையங்களுக்கும் ஏறத்தாழ 400 கோடி டாலர் என்று தொடங்கிய மதிப்பீடு, 1981இல் ஏறத்தாழ 2,400 கோடி டாலராக வீங்கிற்று. தேவையோ பஞ்சாங்கம் சொன்ன பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. 1982 ஜனவரியில் நாலையும் ஐந்தையும் கைவிட்டனர். 1983 ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம், அப்படிக் கையெழுத்திட வாஷிங்டன் மாநிலத்து அமைப்புகளுக்கு அதிகாரமே கிடையாது என்றது. அடுத்த மாதம் அமைப்பு கையை விரித்தது. 225 கோடி டாலர் கடன் பத்திரம் திவால்! அமெரிக்க உள்ளாட்சிக் கடன் வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய திவால் நிகழ்ந்ததில்லை. சேமிப்பைப் போட்டிருந்த முதியவர்கள் தலையில் கை வைத்தனர். ஒன்று, மூன்று நிலையங்களும் பாதியில் நின்றன. ஆனால் அவற்றின் கடனுக்குப் பான்வில் நிறுவனம் பொறுப்பேற்றிருந்ததால், ஒரு யூனிட் கூடத் தராத நிலையங்களுக்காக மக்கள் பல்லாண்டுகள் கட்டணத்தில் கப்பம் கட்டினர். ஐந்தில் ஓடியது இரண்டாம் நிலையம் ஒன்றுதான். சாட்சாப் என்ற இடத்தில் நீராவி காணாத குளிர்விப்புக் கோபுரங்கள் நின்றுவிட்டன, கும்பிட ஆளில்லாக் கோயில் கோபுரங்களைப் போல.

இங்கே நாம் ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இந்த அவலத்தைச் செய்தது முதலாளி நிறுவனம் அன்று, பொதுத்துறை. பொதுத்துறை வேண்டும் என்று முழங்குபவர்கள்தாம் நாம், இன்றும் முழங்குகிறோம். ஆனால் பொதுத்துறை என்ற பலகை மாட்டியதாலேயே கணக்கு சரியாகிவிடாது. சியாட்டிலும் பொதுத்துறைதான். அங்கே கணக்கு மக்கள் முன் வந்தது. மற்ற ஊர்களில் கோப்புக்குள் படுத்திருந்தது. வேறுபாடு அவ்வளவே.

அந்நாளில் நாடு முழுவதற்கும் கணிப்பு வெளியிட்ட அமெரிக்க மின் நம்பகத்தன்மைக் கழகத்தின் வரைபடம் ஒன்று உண்டு. வேடிக்கையான படம்! 1974 தொடங்கி ஒவ்வோர் ஆண்டும் புதுக் கணிப்பு. நேற்றைய கோடு பொய்த்தது கண்டு இன்று கொஞ்சம் தாழ்த்துவார்கள். நடப்பு அதற்கும் கீழே கிடக்கும். மறு ஆண்டு இன்னும் கொஞ்சம் தாழ்த்துவார்கள். நடப்பு இன்னும் கீழே. எல்லாக் கோடுகளையும் ஒரே தாளில் வரைந்தால் விரித்த கைவிசிறி போலத் தோன்றும். விசிறி என்றே அதற்குப் பெயரும் வைத்தனர். தவற்றைத் திருத்தினார்கள், ஆனால் தவறு என்று ஒப்புக்கொள்ளாமல் திருத்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக, மானம் போகாத அளவுக்கு!

அடிபட்ட வடமேற்கு மாநிலங்கள் பாடம் கற்றன. 1980இல் வந்த சட்டம் ஒரு மின் திட்ட மன்றத்தை அமைத்தது: இருபது ஆண்டுக் கணிப்பு செய்; ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் திருத்து; மக்களைக் கேட்டுச் செய். 1983இல் வந்த அதன் முதல் திட்டம் ஒற்றைக் கோடு போடவில்லை. வளர்ச்சி ஓங்கினால் இவ்வளவு, தேங்கினால் இவ்வளவு என்று பல கோடுகள் போட்டது. எந்தக் கோடு மெய்யாகும் என்று தெரியாதபோது, நடுவழியில் நிறுத்தக்கூடிய சிறு சிறு ஏற்பாடுகளும் சிக்கனமும் பெரிய நிலையத்தைவிட மேல் என்றது. எதிர்காலம் எனக்குத் தெரியாது என்று எழுதிக் கையெழுத்திட்ட பஞ்சாங்கம் உலகில் அது ஒன்றுதானோ!

பழங்கதை என்கிறீர்களா? இன்றைய கதைக்கு வருவோம்.

அதே அமெரிக்காவின் தென்கிழக்கில் ஜார்ஜியா மாநிலம். அங்கே மின்சாரம் தருவது ஜார்ஜியா பவர் என்னும் தனியார் நிறுவனம். 2022இல் நீண்ட காலத் திட்டம் போட்டு மாநில ஆணையத்தின் ஒப்புதல் பெற்றது. 2023 அக்டோபரில் மீண்டும் வந்து நின்றது. கணக்கு மாறிவிட்டது என்றது. எவ்வளவு? 2030-31 குளிர்காலத்துக்குள் ஏறத்தாழ 400 மெகாவாட் கூடும் என்று முன்பு சொன்ன இடத்தில், இப்போது 6,600 மெகாவாட் கூடும் என்றது. ஒன்றரை ஆண்டு இடைவெளியில் ஏறத்தாழ 17 மடங்கு!

என்ன நடந்தது அங்கே? மக்கள் தொகை பெருகியதா? இல்லை. தரவு மையங்கள்! செயற்கை நுண்ணறிவு என்று நாள்தோறும் செய்தித்தாளில் படிக்கிறோமே, அதற்காகக் கணினிகளை ஆயிரம் ஆயிரமாக அடுக்கி வைக்கும் மாபெரும் கூடாரங்கள். ஒரு கூடாரம் ஒரு நகரத்தின் மின்சாரத்தைக் குடிக்கும். கூடாரம் மெய்தான், தாகமும் மெய்தான். ஆனால் ஒரு சூது கவனியுங்கள். எந்த ஊரில் மின்சாரம் முதலில் கிடைக்குமோ என்று, ஒரே கூடாரத்துக்கு ஐந்தாறு ஊர்களில் மனுப் போடுகின்றன நிறுவனங்கள். ஒரு பிள்ளைக்கு ஆறு கல்லூரியில் விண்ணப்பம் போடுவதுபோல! ஆறு கல்லூரியும் ஆளுக்கொரு கட்டடம் எழுப்பினால் என்ன ஆகும்? பிள்ளை ஓரிடத்தில்தான் சேரும். மற்ற ஐந்து கட்டடத்துக்கும் அந்தந்த ஊர்க்காரர் வாடகை கட்ட வேண்டும்.

முதலீட்டின் மீது இத்தனை சதவீதம் ஆதாயம் என்று ஆணையம் நிர்ணயிக்கும் முறையில் நடக்கும் தனியார் மின் நிறுவனத்துக்கு, அதிகம் கட்டினால் அதிகம் ஆதாயம். எனவே உயரமான கணிப்பைக் கண்டு அது கவலைப்படுமா? பலகாரக் கடைக்காரரிடம் போய், எனக்கு எவ்வளவு பசிக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள் என்று கேட்டால் என்ன சொல்வார்?

இதற்கு மருந்து கண்ட இடம் ஒஹையோ மாநிலம். அங்குள்ள ஏ.இ.பி. நிறுவனத்திடம் தரவு மையங்கள் கேட்டு வரிசையில் நின்ற மின்சாரம் 30,000 மெகாவாட். 2025 ஜூலையில் மாநில ஆணையம் ஒரு விதி செய்தது: கேட்டது எவ்வளவோ, அதில் 85 சதவீதத்துக்கான கட்டணத்தை, பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும், பன்னிரண்டு ஆண்டுகள் கட்ட வேண்டும். பிறகு பார்த்தார்கள். வரிசை 13,000 மெகாவாட்டாகச் சுருங்கிற்று! பாதிக்கு மேல் காற்றில் கரைந்தது. பணம் கேட்டதும் பசி தீர்ந்துவிட்டது! வாஷிங்டனில் மீனவரும் மரம் வெட்டியும் போட்ட அதே கையெழுத்தைத்தான் இங்கே கோடீசுவர நிறுவனங்களிடம் கேட்டார்கள். அந்தக் கையெழுத்து எவரிடம் கேட்கப்பட வேண்டுமோ, அவரிடம் கேட்கப்பட்டது.

ஜார்ஜியாவிலும் பெரிய நுகர்வோருக்குத் தனி நிபந்தனை விதிக்க 2025 ஜனவரியில் ஆணையம் வழி செய்தது. ஆனால் மக்களின் சினம் ஆறவில்லை. அங்கே ஆணைய உறுப்பினர்களை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2025 நவம்பரில் தேர்தல் வந்தது. பதவியிலிருந்த உறுப்பினர் இருவரையும் பெருவாரியான வாக்கு வேறுபாட்டில் வீட்டுக்கு அனுப்பினர். மின் கட்டணச் சீட்டே வாக்குச் சீட்டாயிற்று!

நம் நாட்டுக்கு வருவோம். இங்கே இந்தப் பஞ்சாங்கத்துக்கு மின் ஆற்றல் மதிப்பாய்வு என்று பெயர். டெல்லியிலுள்ள மத்திய மின்சார ஆணையம் ஐந்தாண்டுக்கு ஒருமுறையாக வெளியிடுகிறது. வீடு, கடை, ஆலை, பாசனம் என்று நுகர்வோரைப் பிரித்து, ஒவ்வொன்றின் வளர்ச்சியையும் கணக்கிட்டு, கம்பியில் வீணாவதையும் சேர்த்துக் கூட்டுவது அதன் முறை. வெறும் அளவுகோல் முறையைவிட மேலானது, மறுக்கவில்லை. விளைவு என்ன?

2021-22இல் நாட்டின் உச்சத் தேவை 2,83,470 மெகாவாட் என்றது, 2011இல் வந்த 18ஆம் மதிப்பாய்வு. 2017இல் வந்த 19ஆம் மதிப்பாய்வு அதே ஆண்டுக்கு 2,25,751 என்று குறைத்தது. அந்த ஆண்டு வந்தது. உச்சத் தேவை 2,03,014 மெகாவாட். முதற்கணிப்புக்கும் நடப்புக்கும் இடையே ஏறத்தாழ 80,000 மெகாவாட் பள்ளம்! தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2ஆம் நாள் 20,830 மெகாவாட்டைத் தொட்டது. அப்படி ஏறத்தாழ நான்கு தமிழ்நாட்டை அந்தப் பள்ளத்தில் வைக்கலாம்.

கொரோனா இடையில் வந்ததே என்பார்கள். வந்தது, ஆனால் கணிப்பைக் குறைத்தது 2017இல், கொரோனா வந்தது 2020இல். தொழில் வளர்ச்சி எண்ணியபடி ஓடவில்லை, எல்.இ.டி. விளக்கு வந்தது, சிக்கனம் வந்தது. பள்ளத்தில் விழுந்தவை எவை? 2009-10இல் நாட்டின் அனல் நிலையங்கள் தம் திறனில் 77 சதவீதத்துக்கு மேல் ஓடின. 2016-17இல் 60 சதவீதத்தை ஒட்டி இறங்கின. 34 நிலக்கரித் திட்டங்கள், 40,000 மெகாவாட்டுக்கு மேல், முடங்கிக் கிடப்பதாக 2018இல் நாடாளுமன்ற நிலைக்குழு பட்டியலிட்டது. நிலக்கரி கிடைக்காததும் அவற்றின் நோய்களில் ஒன்று. வாங்க ஆளில்லாதது இன்னொன்று. அவற்றுக்குக் கடன் கொடுத்தவை பெரும்பாலும் அரசு வங்கிகள். அதாவது நம் சேமிப்பு.

மாநிலங்களின் கழுத்திலோ வேறொரு கயிறு. நீண்ட கால ஒப்பந்தத்தில் மின்சாரத்தின் விலை இரண்டு பகுதி: எடுத்த யூனிட்டுக்கு ஒரு விலை, நிலையம் தயாராக நிற்பதற்கே நிலைக் கட்டணம். எடுக்காவிட்டாலும் நிலைக் கட்டணம் உண்டு! கூட்டம் வரும் என்று சொன்னவர் டெல்லியில் இருக்கிறார். கூட்டம் வராத மண்டபத்துக்கு வாடகை கட்டுபவர் மாநிலத்தில் இருக்கிறார்.

2022இல் 20ஆம் மதிப்பாய்வு வந்தது. 2026-27இல் 2,77,201 மெகாவாட். 2031-32இல் 3,66,393 என்கிறது. மின் வண்டி, கூரை மீது சூரியத் தகடு, பசுமை ஹைட்ரஜன் அனைத்தையும் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். 2024 மே மாதத்தில் நடப்பு 2,50,000 மெகாவாட்டைத் தொட்டுவிட்டது. எனவே இம்முறை கணிப்பு பொய்க்கும் என்று நாம் ஆரூடம் கூறவில்லை. அந்தத் தொழில் நமக்கு வேண்டாம். இப்போது கவலை வேறு. பகலில் சூரிய மின்சாரம் பெருகிக் கிடக்கிறது. அந்தி சாய்ந்ததும் அது படுத்துவிடுகிறது. ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்ற கணக்கு இனிப் போதாது. மாலை ஏழு மணிக்கு எவ்வளவு என்ற கணக்கு வேண்டும். தமிழ்நாட்டில் உழவர் பம்புசெட்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. அவற்றின் நுகர்வு மதிப்பீடுதான். இலவச மின்சாரம் உழவனின் உரிமை. அதில் எவர் கை வைத்தாலும் விட மாட்டோம். ஆனால் மதிப்பீடு எப்படிச் செய்யப்பட்டது என்று கேட்பது உழவனுக்கும் நல்லது. கம்பியில் வீணாவதை அவன் கணக்கில் ஏற்றுகிறார்களா இல்லையா என்பது தெரிய வேண்டாமா?

சென்னையைச் சுற்றிலும் தரவு மையங்கள் முளைக்கின்றன. வரட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை தரட்டும். கேட்கும் மின்சாரத்துக்கு அவர்கள் என்ன எழுதிக் கொடுக்கிறார்கள் என்று கேட்க நாம் ஒஹையோ வரை போகத் தேவையில்லை.

2022 செப்டம்பரில் கட்டணம் உயர்வதற்கு முன், ஒழுங்குமுறை ஆணையம் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்தியது. அத்தகைய கூட்டங்களுக்கு நம் தோழர்களும் போகிறார்கள், யூனிட்டுக்கு எத்தனை பைசா என்று முழங்குகிறார்கள், முழங்க வேண்டியதுதான். அடுத்த முறை போகும்போது, மனுவில் கட்டணப் பட்டியலுக்கு முன்னாலுள்ள பக்கங்களையும் புரட்டுங்கள். தேவை மதிப்பீடு என்று ஒரு பட்டியல் இருக்கும். சென்ற முறை இதே ஆண்டுக்கு என்ன எண் சொன்னீர்கள்? வந்த எண் என்ன? இடைவெளிக்குக் காரணம் என்ன? எடுக்காத மின்சாரத்துக்குக் கட்டிய நிலைக் கட்டணம் எத்தனை கோடி? இந்த நாலு கேள்வியையும் எழுதி எடுத்துப் போங்கள். எழுத்தில் பதில் கேளுங்கள்.